ஸ்டார்ட் ஆகாத ஞாயிற்றுக்கிழமைகள்

போன வெள்ளிக்கிழமை விடிகாலையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் தன் சரக்கு வண்டியைக் கிளப்பப் பார்த்தார். கிளம்பவில்லை. கிர்ர்... கிர்ர்... என்று இழுத்து, தொண்டை கட்டினவன் பேச முயன்று விட்டுவிட்ட மாதிரி 'டக்' என்று நின்றது. அவ்வளவுதான். என் விரல் எந்த மணியில் இருந்தது, எந்தத் தேவ ரகசியம் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் மறந்துபோயிற்று.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். கேட்ட மாத்திரத்தில் வயது குறைந்து, கட்டியிருக்கிற புடவை கவுனாகிவிடும். எனக்கு இந்தச் சத்தம்தான். இதைக் கேட்டால் நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளையாகிவிடுகிறேன். தலையில் கனகாம்பரம். ஒரு வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி எங்கேயும் போகவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையின் காலடியில் எங்கள் வீடு. அப்பா ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி வைத்திருந்தார். பல கை மாறி எங்களிடம் வந்தது. மூக்கு நீண்ட வண்டி. அந்த மூக்கின் மேல், மனுஷனுக்கு நெற்றி இருக்கிற இடத்தில், கம்பெனிச் சின்னம் ஒன்று பளபளப்பாக இருந்தது. அந்த வருஷம் அது எங்கேயோ விழுந்துவிட்டது. அது இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும், பாம்பின் கண் மாதிரி.

புளி சீசனில் சனிக்கிழமைதோறும் அப்பா மலைக்குப் போவார். மலைக்காரர்களின் புளி, சாமை, கடுக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் இறக்கிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வருவார். அந்த மாசி பங்குனியில் நானும் கூடப் போனேன். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார்.

அம்மாவின் ஊர் எலவனாசூர்கோட்டைப் பக்கம். தம்பி பிறந்த சேதி வந்ததும் அப்பாவும் நானும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. அன்றைக்கு அப்பா வண்டியோடு வரவேண்டும், பூசை முடிந்து சாப்பிட்ட கையோடு அம்மா, பிள்ளை, தொட்டில், டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பவேண்டும் என்று பேச்சு. நான் அந்த நாளை நினைத்து நினைத்துத் தூங்கினேன். அம்மா இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா? பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லுக்கடியில் சாவி எடுத்துக் கதவைத் திறப்பேன். காலையில் நான் எந்த இடத்தில் டம்ளரை வைத்துவிட்டுப் போனேனோ அந்த இடத்திலேயே அது இருக்கும். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வரும்.

அந்த ஞாயிறு இருட்டு பிரியும்போதே குளித்து, கவுன் போட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்பா வெள்ளைச் சட்டையோடு வந்து, சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருகினார்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்... டக்.

"இன்னாடா இது, நேத்துக்கூட நல்லா ஓடிச்சே" என்றார். ஹாரன் அடித்துப் பார்த்தார். ஊரே எழுந்திருக்கிற மாதிரி அடித்தது. விளக்கு போட்டார், பளிச்சென்று எரிந்தது. அப்படியென்றால் பேட்டரியில் குறையில்லை. பானெட்டைத் தூக்கினார். பெட்ரோல் வாசனை குப்பென்று வந்தது. அப்படியென்றால் பெட்ரோலும் வருகிறது. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரைச் செருகி, இஞ்சின் இரும்பில் ஒட்டவைத்து, "சாவியத் திருவு கண்ணு" என்றார். திருகினேன். பொறி வந்தது. ஆனால் மழையில் நனைந்த மத்தாப்பு மாதிரி, வருவதும் தெரியாமல் போவதும் தெரியாமல்.

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்பா வேலையில் இறங்கினார். நாலு பிளக்கையும் அடுப்புத் தணலில் சுட்டார். பொறியைக் கிளப்பிவிடுகிற பாயின்டைத் தீப்பெட்டி மருந்துப் பக்கத்தில் தேய்த்தார். வயரையெல்லாம் பிடுங்கித் துடைத்துச் செருகினார். நாலு பிளக்குக்கும் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற கறுப்பு மூடியைத் திறந்து, பெட்ரோல் துணியால் துடைத்து மூடினார். அதில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் உண்டு. வாங்கும்போதே இருந்ததுதான், அதை அவர் கண்டுகொள்ளவில்லை. வெயில் உச்சிக்கு ஏறின பிறகு வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆயிற்று. "பிளக்குதான். கரி புடிச்சிக்கினு இருந்துது" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் பெஞ்சுகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் அண்ணன், என் மாமா, வாசலில் நின்றார்.

"வாங்க மாப்ள. சாப்பாடு ஆயிப்போச்சி. எச்ச எலயக்கூட எட்து போட்டாச்சி."

"வண்டி ஸ்டார்ட் ஆவல மச்சான்."

"சாமியாரு, 'புள்ளயோட தகப்பன் எங்க?'ன்னு கேட்டாரு. நாங்க இன்னா சொல்றது? தகப்பன் வண்டி ரிப்பேர் பண்றாருன்னா சொல்றது?"

அம்மா அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. நான் மட்டும் உள்ளே போனேன். தம்பி தலையில் தண்ணீர் ஊற்றிய ஈரம் காய்ந்து, முடி குத்திட்டு நின்றது. அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். "உங்கப்பன் வண்டியக் கட்டிக்கினு இருக்கட்டும்" என்றார்.

கிளம்பும்போது மாமா சொன்னது, அந்த வீட்டின் தீர்ப்பு: "ஞாயித்துக்கிழம பூசைக்கு வாங்க. ஜனம் பாக்க கோயிலாண்ட நின்னு இட்டுக்கினு போங்க. மத்தியானத்துல திருடன் மாதிரி வந்தா எங்க பொண்ணு வராது."

நியாயம்தான். அப்பாவும் தலையாட்டினார். எங்கள் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் வருவதற்குள் அங்கே பூசை முடிந்துவிடும். முந்தின ராத்திரியே போய்த் தங்கலாமென்றால், மாமா வீட்டில் தங்க அப்பாவுக்கு முகமில்லை. வண்டிதான் ஒரே வழி. ஆனால் அடுத்த ஞாயிறும் கிர்ர்... டக். அதற்கடுத்த ஞாயிறும் அதே. தவக்காலம் தொடங்கிவிட்டது. திங்கள் முதல் சனி வரை கழுதை மாதிரி உழைக்கிற வண்டி, ஞாயிறு காலையில் மட்டும் செத்துக் கிடந்தது. அப்பா ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, சுட்டு, தேய்த்து மாட்டுவார். மத்தியானம் ஸ்டார்ட் ஆகும். எதைச் செய்ததால் ஆனது என்று அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் பிளக் என்பார். ஒரு வாரம் பாயின்ட் என்பார். கள்ளக்குறிச்சி மெக்கானிக் காயிலை மாற்றச் சொன்னார், மாற்றினார். கண்டன்சரை மாற்றச் சொன்னார், அதையும் மாற்றினார்.

நான் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். சீட்டின் கிழிசலில் விரலை விட்டால் பஞ்சு வரும். அதைக் கிள்ளிக் கிள்ளி உருண்டை பண்ணுவேன். கண்ணாடியில் மலை தெரியும். நேரம் ஆக ஆக அதன் நீலம் வெளுத்துக்கொண்டே போகும். முழுக்க வெளுத்துவிட்டால் அங்கே பூசை முடிந்துவிட்டது என்று எனக்கு ஒரு கணக்கு. தலையிலிருந்து பூவை எடுத்து முன்னால் தட்டில் வைப்பேன். போன வாரத்துப் பூவும் அங்கேதான் காய்ந்து கிடக்கும்.

மலைக்காரர்களுக்கும் எங்கள் கஷ்டம் தெரியும். மலையூர்ப் பூசாரி ஒருவர் சனிக்கிழமைதோறும் எங்களோடு முன்சீட்டில் வருவார். புகையிலை வாசனையும் சாம்பிராணி வாசனையும் சேர்ந்த மனுஷர். மலைப்பாதை இறங்குவதற்கு முன் எல்லைக்கல் ஒன்று உண்டு. பாரம் ஏற்றின வண்டி அங்கே நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். அது அவர்கள் வழக்கம். எங்கள் அப்பா வேதக்காரர், உடைக்க மாட்டார். பூசாரி உடைப்பார்.

"வண்டிக்காரரே, உங்க சாமிய செலுவயில ஆணி அட்சி வெச்சிருக்கீங்க. அவரு எறங்கி வர நேரமாவும். எங்காளு பாரு, ரோட்டுமேலயே நிக்கிறாரு. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடலாம்."

"சொல்லுங்க சொல்லுங்க" என்று அப்பா சிரிப்பார். "எம் பொண்ணுக்கு ஒரு பத்த குடுங்க."

வண்டியின் நெற்றியில், சின்னம் விழுந்த இடத்தில், பூசாரி குங்குமம் வைப்பார். தேங்காயை உடைத்து அதே இடத்தில் தண்ணீரை ஊற்றுவார். முதலில் கொஞ்சம் தெளித்துக்கொண்டிருந்தவர், எங்கள் வண்டி மக்கர் பண்ணுகிற கதை கேட்ட பிறகு முழுசாக ஊற்ற ஆரம்பித்தார். "வண்டி மேல கண்ணு ஜாஸ்தி. கம்மியா ஊத்துனா பத்தாது" என்பார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சிறிதாகச் சிலுவை போட்டுக்கொள்வார். நான் தேங்காய்ப் பத்தையைக் கடித்துக்கொண்டு வருவேன்.

இது, கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற எங்கள் ஊர் உபதேசியார் காதுக்கு எட்டியது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் அடிக்கடி போய்வருகிறவர் அவர். அங்கிருந்து சேதி கொண்டுவருவதும் அவர்தான். ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தார்.

"உன் பொண்டாட்டி வாரா வாரம் பூச முடிஞ்சி கோயில் வாசல்ல நிக்கிதுப்பா, புள்ளயத் தூக்கிக்கினு. ஜனமெல்லாம் போனப்பறம்தான் வூட்டுக்குப் போவுது."

அப்பா கைத்துணியில் விரல் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றேன்னு கோவப்படாத. அந்தத் தேங்காதான் காரணம். வேற சாமிக்குப் படைச்சத வண்டி மேல வாங்கிக்கினு வர்ற. அத நிறுத்து, வண்டி ஓடும்."

"அவங்க சாமி எனக்கு இன்னாங்க பண்ணாரு?" என்றார் அப்பா. "ஏத்தத்துலயும் எறக்கத்துலயும் பத்திரமா அனுப்பிக்கினுதான் இருக்காரு. அவங்க நல்லதுக்குப் பண்றாங்க. மூஞ்சில அட்ச மாதிரி நிறுத்துன்னு சொல்லட்டுமா?"

உபதேசியார் எழுந்து போய்விட்டார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "அம்மா வாசல்ல நிக்கிதாம்" என்று என்னிடமே சொன்னார், நான் அங்கே இல்லாத மாதிரி. ஒரு பெரிய மனுஷனுக்குப் பேச ஆளில்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனி, சீசனின் கடைசிப் பெரிய பாரம். பூசாரி சந்தோஷத்தில் இரண்டு தேங்காய் உடைத்து, இரண்டு தண்ணீரையும் வண்டி நெற்றியில் ஊற்றினார். மறுநாள் விடிந்ததும் கிர்ர்... டக்.

அப்பா இறங்கவேயில்லை. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் கண்ணாடி வழியாக மலையைப் பார்க்காமல் பானெட்டைப் பார்த்தேன். எறும்புகள். பெரிய கட்டெறும்பில்லை, சர்க்கரை டப்பாவுக்கு வருகிற சின்னது. சாரிசாரியாக ஏறி, குங்குமத்தைச் சுற்றிக்கொண்டு, அந்த இரண்டு துளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

"அப்பா, எறும்பு உள்ள போவுது."

"போவட்டும். அதுவாவது எங்கனா போவட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே தலையைத் தூக்கிப் பார்த்தார். இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார். துளைக்கு நேர் கீழே அந்தக் கறுப்பு மூடி. எறும்புகள் அதன் மேல் மொய்த்து, கீறலுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தன. அப்பா விரலால் தொட்டார். பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தார். பிறகு சாக்கடைக் கல் மேல் உட்கார்ந்து சிரித்தார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு சிரித்தார்.

"தேங்காத் தண்ணி கண்ணு. தேங்காத் தண்ணி! காய்ஞ்சி பிசினாயி, ராப் பனில ஊறிப்போயி, பொறிய எல்லாம் இதுவே முழுங்கிக்கினு இருந்துருக்குது."

அன்றைக்கு அவர் வேறொன்றையும் தொடவில்லை. பிளக்கைச் சுடவில்லை, பாயின்டைத் தேய்க்கவில்லை. அந்த மூடியை மட்டும் உள்ளும் புறமும் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் காட்டி மாட்டினார். சாவியைத் திருகினார். கிர் என்று முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டது.

நாங்கள் போன வேகத்தில் தியாகதுருகத்து மலைக்கோட்டை வந்ததும் போனதும் தெரியவில்லை. அம்மாவின் ஊர்க் கோயிலில் குருத்தோலைப் பவனி தெருவைச் சுற்றிவந்து வாசலில் ஏறிக்கொண்டிருந்தது. ஜனமெல்லாம் ஓலையும் கையுமாகத் திரும்பி எங்கள் வண்டியைப் பார்த்தது. பூசை முழுக்க அப்பா பின்னால் முழங்காலிலேயே இருந்தார்.

பூசை முடிந்து வாசலில் அம்மா. தோளில் தம்பி, கையில் ஓலை. பக்கத்தில் மாமா. அங்கே வந்திருந்த எங்கள் ஊர் உபதேசியாரும் நின்றார். அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

"இன்னிக்கி மட்டும் எப்டி ஸ்டார்ட் ஆச்சி?" என்றார் அம்மா. சாதாரணமாகத்தான் கேட்டார்.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கண்டுபுட்சிட்டேன். தேங்காத் தண்ணி. மலைல வண்டி மேல ஊத்துறாங்க இல்ல, அது ஓட்ட வழியா எறங்கி மூடி மேல..."

"இன்னாது?"

"தேங்காத் தண்ணி. எறும்பு வந்துது, இவதான் பாத்தா..."

மாமா சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். "மாப்ள, வேற எதனா சொல்லக் கூடாதா? வவுத்து வலின்னாகூட நம்புவோம்."

உபதேசியார் வேறு, "நான் சொன்னன்ல? அந்தத் தேங்கா ஆவாதுன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார். அவர் சொன்னது ஒரு அர்த்தம், அப்பா சொன்னது ஒரு அர்த்தம். ஆனால் கேட்டவர்களுக்கு இரண்டும் ஒன்றாகி, அப்பா மலைச்சாமிக்குப் படைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தார் என்று ஆகிப்போயிற்று.

அம்மா முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது.

"எம் புள்ள தலைல தண்ணி ஊத்துறப்ப நீங்க இல்ல. வாரா வாரம் நான் இந்த வாசல்ல நின்னேன். கேட்டா, தேங்காத் தண்ணின்றீங்க." குரலை உயர்த்தவேயில்லை. "நான் வூட்டுக்கு வர்றேன். எம் பொண்ணு அங்க தனியாக் கெடக்குது. ஆனா இந்த வண்டில வர மாட்டேன்."

டிரங்குப் பெட்டியும் தொட்டிலும் வண்டியில் ஏறின. அம்மா தம்பியோடு பஸ்ஸில் ஏறினார். என்னையும் கூப்பிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன், அப்பாவைப் பார்த்தேன். முன்சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியை ஓட்டினார். முந்திப் போயிருக்கலாம். முந்தவில்லை. பஸ் நின்ற இடத்திலெல்லாம் நாங்களும் நின்றோம். இஞ்சினை அணைக்கவில்லை. பஸ்ஸின் பின்கண்ணாடியில் அம்மாவின் தோளும், தோள் மேல் தம்பியின் தொப்பியும் தெரிந்தன. புழுதி கண்ணாடியை மூடும்போது மறையும். மறுபடி தெரியும். கள்ளக்குறிச்சியில் அம்மா இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றார். அப்பா வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, என் பக்கத்துக் கதவை உள்ளிருந்து எட்டித் திறந்துவிட்டார். அம்மா வேறு பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் கதவு திறந்தே கிடந்தது. பிறகு நானே மூடினேன்.

அம்மா வந்தார். வீடு வீடாயிற்று. டம்ளர் வைத்த இடத்தில் இருப்பதில்லை. ஆனால் அந்த வண்டியில் அவர் ஏறவேயில்லை. பூசைக்கும், கல்யாணத்துக்கும், சாவுக்கும் பஸ்தான். எங்கள் வீட்டில் யார் சாக்குச் சொன்னாலும், "ஆமாமா, தேங்காத் தண்ணி" என்பார். தம்பி அந்த வார்த்தையைச் சொல்லித்தான் பேசவே கற்றுக்கொண்டான். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. "நான் எறும்பப் பாத்தேம்மா" என்று ஒருமுறை சொன்னேன். "நீ உங்கப்பன் பொண்ணு" என்று முடித்துவிட்டார்.

அப்பா புது மூடி வாங்கி மாட்டி, அதன் மேல் சைக்கிள் டியூபை அறுத்து, குல்லா மாதிரி கட்டிவிட்டார். துளையை அடைக்கவில்லை. "அவங்க ஊத்தட்டும். நம்ம மூடில படாம இருந்தா சரி" என்றார். பூசாரி கடைசி வரை ஊற்றிக்கொண்டுதான் இருந்தார். வண்டி ஓடினதைப் பார்த்து, தன் தேங்காயின் பலன் என்றே சந்தோஷப்பட்டார். பழைய மூடியை அப்பா எனக்குக் கொடுத்தார். ஐந்து கொம்பு வைத்த கறுப்புக் கிரீடம் போல இருக்கும். கிறிஸ்துமஸ் குடிலில் ஒரு ராஜாவின் தலையில் வைத்திருந்தேன். அம்மா அதைக் குடிலிலிருந்து எடுத்து எங்கேயோ போட்டுவிட்டார். தேடினேன், கிடைக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அப்பா காலமானார். முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். வண்டி வீட்டுக்குப் பின்னால், அடுப்படி ஜன்னலுக்கு நாலு அடி தள்ளி, புங்கமரத்தடியில், டயர் மண்ணில் இறங்கி, சருகு மூடிக் கிடந்தது. மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அம்மா ஒரு தேங்காயும் அரிவாளுமாக வண்டியிடம் போய்க்கொண்டிருந்தார்.

முந்தானையால் சருகைத் தள்ளினார். தேங்காயை அரிவாள் முதுகில் தட்டினார். உடைந்ததும் அந்த இரண்டு துளைகளின் மேல், சிந்தாமல், பிள்ளைக்குத் தலை நனைக்கிற மாதிரி ஊற்றினார். தேங்காய் மூடிகளைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பானெட்டைத் தூக்கினார். துருவில் அது கத்தியது. அம்மா குனிந்து உள்ளே பார்த்தார்.

அப்பா கட்டின டியூப் குல்லா ஜன்னலிலிருந்தே தெரிந்தது, அப்படியே இருந்தது. துளை வழியாக இறங்கின தண்ணீர் சரியாக அதன் மேல் விழுந்து, இன்னும் உருண்டு வழிந்துகொண்டிருந்தது.

அவர் எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று தெரியாது. குழம்பு அடிபிடித்த வாசனை வந்ததும் நான் திரும்பிவிட்டேன். மறுபடி பார்த்தபோது பானெட் மூடியிருந்தது. அம்மா பின்கதவு வழியாக வந்து, இரண்டு மூடித் தேங்காயையும் அடுப்படி மேடையில் வைத்தார்.

"அரைச்சிக்கோ" என்றார்.

நான் தேங்காயைத் துருவி அம்மியில் வைத்தேன். அதன் பிறகு அம்மா பல வருஷம் இருந்தார். என் பிள்ளைகள் அவரிடம் போய்ச் சாக்குச் சொன்னால், அந்தப் பழைய வார்த்தையை விட்டு, "பொய் சொல்லாத" என்று மட்டும்தான் சொன்னார்.